பணிநீக்கப்பட்ட காவலரை ஊர்சேர்ப்பது யார் கடன்? – காலனியக் காவற்பணிச் சீக்கியரை முன்வைத்து ஒரு கருத்துரை

அகப்பொருள் இலக்கணம் தலைவன் பிரிந்து செல்வதற்குரிய காரணங்களை வகுக்கும்போது காவலையும் அவற்றுள் ஒன்றாக வைக்கின்றது. இறையனார் களவியல் கூறும் ஆறு பிரிவுகளுள் காவற்பிரிவும் ஒன்று. அதனை நாடுகாக்கும் அரசர்க்குரிய பிரிவாகவே உரைமரபு கண்டது. மாத ஊதியத்துக்குக் காவல் செய்யக் கடல் கடந்தவனை அம்மரபு எண்ணியிருக்க இயலாது. எனினும் பிரிவுக்குக் கால எல்லை வேண்டும் என்பதில் இலக்கணிகள் உறுதியாக இருந்தனர். வேந்தன் தொழில்மேற் சென்றவன் ஓராண்டுக்குள் மீளவேண்டும் என்பது தொல்காப்பியம் தரும் வரையறை. சென்றவன் மீள்வான் என்னும் நம்பிக்கையின்மீதுதான் முல்லைத்திணையின் இருத்தல் நிற்கின்றது. வினைமுற்றி மீள்பவனுக்குக் கூற்று உண்டு, அவனைச் சுமந்துவரும் தேர் உண்டு, பாகனும் உண்டு. வினையினின்றும் நீக்கப்பட்டவன் எவ்வாறு மீள்வான் என்பதற்கு மட்டும் இலக்கணம் இல்லை.

இவ்வின்மையைப் பழந்தமிழ் இலக்கணத்தின் குறையாகக் கூறுவது நோக்கமன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி தொடங்கி ஹாங்காங், மலாய் மாநிலங்கள், ஷாங்காய் முதலிய இடங்களில் காவற்பணி செய்த பஞ்சாபியரைப் பற்றிப் பயிலுந்தோறும் இதே வெற்றிடம் வேறொரு வடிவில் எதிர்ப்பட்டமையால் இங்குக் குறிக்க நேர்ந்தது. அக்காவலரைத் திரட்டியமை குறித்தும், அவர்தம் தலைப்பாகை குறித்தும், உடல்வலிமை குறித்தும் ஆட்சியாளர்கள் மிகுதியாக எழுதினர். பணிநீக்கம் பெற்ற ஒருவன் அயல்நாட்டுத் தெருவில் சீருடையின்றி நின்றபோது அவனை ஊர்சேர்க்கும் பொறுப்பு எவருடையது என்னும் வினாவுக்கு மட்டும் ஒவ்வொரு நிருவாகமும் அடுத்ததைச் சுட்டிக்காட்டி நழுவியது. அப்பொறுப்பு பணியமர்த்திய நிருவாகத்தையே சாரும் என்பதும், நீக்கத்துக்கான காரணம் எதுவாயினும் அது அற்றுப்போவதன்று என்பதும் இக்கட்டுரையின் நிலைப்பாடு.

அந்நியன் என்னும் தகுதி

ஒரு நிருவாகம் தன் எல்லைக்குள் கிடைக்கும் ஆட்களை விடுத்து ஆயிரக்கணக்கான கல் தொலைவிலிருந்து காவலரைக் கொணர்ந்தது ஏன் என்பதிலிருந்துதான் இச்சிக்கலை அணுக வேண்டும். 1867இல் ஹாங்காங் அரசு சீக்கியரைத் திரட்டியபோதும், 1881இல் நீரிணைக் குடியேற்றங்களில் சீக்கியக் காவற்பிரிவு அமைந்தபோதும், 1880களின் நடுவில் ஷாங்காய்ப் பன்னாட்டுக் குடியிருப்பின் நகராட்சி மன்றம் தன் காவற்படையில் சீக்கியப் பிரிவைத் தொடங்கியபோதும் ஒரே வகைக் காரணமே முன்னின்றது. சீனரைக் காக்கவும் அடக்கவும் சீனரை நம்ப ஆட்சியாளர்கள் விரும்பவில்லை. ஐரோப்பியர் மிகு செலவினர். மொழி அறியாத, உறவு இல்லாத, உள்ளூர் இரகசியச் சங்கங்களில் கால்பதிக்க இயலாத ஓர் ஆள் தேவைப்பட்டான். வலிமையும் போர்மரபும் பற்றிய பேச்செல்லாம் இதன்மேற் போர்த்திய போர்வை என்றே கருதுகிறேன். சுருங்கக் கூறின் அவனது அந்நியத்தன்மையே அவனது முதல் தகுதி.

இங்குத் தமிழருக்கும் ஒரு தொடர்பு உண்டு. சீக்கியப் பிரிவு அமைவதற்கு முன்னர்ச் சிங்கப்பூர், பினாங்குக் காவற்படைகளின் கீழ்நிலைப் பணியாளருள் மலாயரோடும் போயானியரோடும் ‘கிளிங்’ எனக் குறிக்கப்பட்ட தென்னிந்தியரும் கணிசமாக இருந்தனர். பல தலைமுறையாக அத்துறைமுகங்களில் வணிகமும் உடலுழைப்பும் செய்துவந்த சமூகத்தைச் சேர்ந்த அவர்கள் ஆட்சியாளர் கண்ணில் போதிய அந்நியராக இல்லை போலும். அவர்களின் இடத்தைக் கொள்ளவந்தவர்களுள் ஒருவராகவே சீக்கியர் வந்தனர் என்பதை நம் புலம்பெயர்வு ஆய்வுகள் ஒரு வரியில் கடந்துவிடுகின்றன.

லாருட் நிகழ்வு இன்னும் தெளிவானது. 1873இல் பினாங்குக் காவற்கண்காணிப்பாளராக இருந்த கேப்டன் ஸ்பீடி அப்பதவியைத் துறந்து, லாருட் மந்திரி ஙா இப்ராகிமின் பொருட்டு இந்தியா சென்று ஏறத்தாழ 110 பேரைத் திரட்டிவந்தார். ஈயச் சுரங்கங்களுக்காகப் போரிட்டுக்கொண்டிருந்த சீனக் குழுக்களை அடக்குவதே நோக்கம். அது தனியொருவரின் கூலிப்படை. 1874 சனவரியில் பாங்கோர் உடன்படிக்கை ஏற்பட்டதும் ஸ்பீடி துணை ரெசிடென்டு ஆனார். அவர் திரட்டிய ஆட்களும் அரசுப் படையாயினர். அப்படையே பேராக் ஆயுதக் காவற்படையாகவும், 1884இல் முதலாம் பேராக் சீக்கியர் படையாகவும், 1896இல் மலாய் மாநில வழிகாட்டிகள் படையாகவும் வளர்ந்தது. ஆட்களைத் தருவித்த மந்திரியோ 1877இல் சுல்தான் அப்துல்லாவுடன் சீசெல்சுத் தீவுக்கு நாடுகடத்தப்பட்டார். கூலி பேசியவர் ஒருவர், அழைத்துவந்தவர் ஒருவர், ஏவல்கொண்டது மற்றோர் அரசு. இந்நிலையில் நீக்கப்படும் ஒரு காவலன் ‘என்னை அழைத்தவர் யார்?’ என எவரிடம் வினவுவான்?

அந்நியன் என்பதற்காகவே ஒருவனைத் தேர்ந்த நிருவாகம், நீக்கிய மறுநாளே அவனை அந்நாட்டு மக்களுள் ஒருவனாகக் கருதிக் கைகழுவ இயலாது. அவனுக்கு அங்கே உறவில்லை என்பதை நிருவாகம் அறியும். அறிந்தே, வேண்டியே அமர்த்தியது. ஆதலின் திரும்பும் வழி என்பது பணியமர்த்தலின் உள்ளேயே அடங்கிய கூறு. ஆனால் நடைமுறை அதனை நன்னடத்தையோடு பிணைந்த சலுகையாகவே நடத்தியது. காலம் முடித்தவனுக்கு விடுப்பும் ஓய்வுத்தொகையும் கிட்டின. நீக்கப்பட்டவனுக்கு எஞ்சியவை வங்கியின் வாயிலிலோ கிடங்கிலோ இரவுக்காவல், சிறு வட்டித்தொழில், அல்லது இன்னொரு துறைமுகம்.

கூலித் தமிழனும் திரிந்த ஐரோப்பியனும்

அக்காலத்தில் இத்தகைய பொறுப்புணர்வு எங்குமே இல்லை, இன்றைய அறத்தைக் கொண்டு அன்றைய ஆட்சியை அளப்பது முறையன்று என்பர் சிலர். கருத்தரங்கு ஒன்றில் மூத்த பேராசிரியர் ஒருவர் இதையே என்னிடம் வினவினார். அன்று என்னால் செம்மையாக விடை கூற இயலவில்லை. இப்போது கூறுகிறேன்.

1874ஆம் ஆண்டின் ஐரோப்பியத் திரிவோர் சட்டத்தை நோக்குக. பிழைப்பின்றி இந்தியாவில் அலையும் ஐரோப்பியரை அரசு தன் செலவில் கப்பலேற்றி அனுப்ப அச்சட்டம் வழிசெய்தது. அத்தோடு நிற்கவில்லை. ஒருவரிடம் அல்லது ஒரு நிறுவனத்திடம் பணிசெய்யும் ஒப்பந்தத்தோடு இந்தியாவில் வந்திறங்கிய ஐரோப்பியன் ஓராண்டுக்குள் திரிவோன் என்னும் நிலையில் அரசுக்குச் சுமையானால், எவருக்குப் பணிசெய்ய வந்தானோ அவரே அவனை அனுப்பும் செலவை அரசுக்குச் செலுத்தவேண்டும் என்றும் விதித்தது. கொணர்ந்தவனே அனுப்புக என்னும் நெறி இதைவிடத் தெளிவாகச் சட்டமாவதற்கில்லை. வெள்ளையன் ஒருவன் கந்தையோடு கல்கத்தா வீதியில் அலைவது ஆள்வோரின் மதிப்பைக் குலைக்கும் என்ற அச்சமே அச்சட்டத்தின் பின்னணி என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் நெறி தெரிந்திருந்தது, செலவுக் கணக்கும் தெரிந்திருந்தது. அதே பேரரசின் கொடியின்கீழ் ஷாங்காயில் அலைந்த பஞ்சாபிக்கு அந்நெறி நீளவில்லை.

இரண்டாவது சான்று நமக்கு அணுக்கமானது. மலாயாவில் 1907இல் தமிழர் குடியேற்ற நிதியம் என்னும் பெயரிலேயே தொடங்கி, பின்னர் இந்தியர் குடியேற்ற நிதியம் ஆன அமைப்பு, தோட்ட முதலாளிகளிடமிருந்து பெற்ற தீர்வையைக் கொண்டு நடந்தது. உழைக்க இயலாதவரைத் தாயகம் அனுப்பும் செலவும் அந்நிதியத்தைச் சார்ந்தது. 1922ஆம் ஆண்டின் இந்தியப் புலம்பெயர்வுச் சட்டத்தையொட்டி 1923இல் வந்த விதிகள் இதனை உரிமையாகவே வடித்தன. வந்து ஓராண்டுக்குள் உடல்நலக்குறைவு, பொருந்தாத வேலை, முறையற்ற நடத்துகை முதலிய காரணங்களைக் காட்டித் தொழிலாளி கட்டணமின்றித் திரும்பக் கோரலாம். (தொல்காப்பியர் கூறும் ஓராண்டும் 1874இன் ஓராண்டும் 1923இன் ஓராண்டும் ஒத்திருப்பது தற்செயலே, அதிலிருந்து எதையும் நிறுவ நான் முற்படவில்லை.)

ஆக, பேரரசின் ஏணியில் மேலிருந்த ஐரோப்பியனுக்கும் சட்டம் இருந்தது. அடியிலிருந்த தோட்டத் தொழிலாளிக்கும், எவ்வளவு மெலிந்ததாயினும், ஒரு விதி இருந்தது. இடையில் நின்ற சீருடைக்காரனுக்கு இரண்டும் இல்லை. அவன் கூலியும் அல்லன், ஆள்பவனும் அல்லன். நிருவாகத்தின் கருவியாக இருந்தமையால் அவனைப் பாதுகாக்கப்பட வேண்டியவர் பட்டியலில் எவரும் சேர்க்கவில்லை. இந்திய தேசியத் தலைவர்களும் ஒப்பந்தக் கூலிமுறைக்கு எதிராக எழுப்பிய குரலை இவர்களுக்காக அத்துணை எழுப்பினாரல்லர். அதன் காரணம் விளங்கக்கூடியதே. 1925 மே 30 அன்று ஷாங்காய் நாஞ்சிங் சாலையில் சீன மாணவர்மீது சுட்ட காவலருள் சீக்கியரும் இருந்தனர். அடக்குமுறையின் கையாக இருந்தவனுக்காக இரங்குவது எளிதன்று. எனக்கும் எளிதாக இல்லை. எனினும் ஏவியவன் கடனைக் கணக்கிடும்போது ஏவப்பட்டவன் செய்த பழியை அதிற் கழித்துக்கொள்ள ஏவியவனுக்கு உரிமை இல்லை.

இக்கருத்துக்கு வலுவான மறுப்பு வேறொன்று உண்டு. மலாய் மாநிலங்களுக்கும் ஹாங்காங்குக்கும் வந்த பஞ்சாபியர் பலர் அரசின் செலவில் வந்தவரல்லர். உறவினர் கடிதத்தை நம்பித் தம் பணத்திலோ கடன் வாங்கியோ வந்து, வந்த இடத்தில் படையிற் சேர்ந்தவர். அழைத்துவராதவனை அனுப்பும் பொறுப்பு எங்ஙனம் வரும்? இதனை எளிதிற் புறந்தள்ள இயலாது. ஆனால் அவ்வாறு வந்தவனை அரசு அமர்த்திக்கொண்டது, அவன் பஞ்சாபி என்னும் ஒரே காரணத்தால். ஆள் திரட்டும் செலவை அவனே ஏற்றுக்கொண்டு வந்தது அரசுக்கு ஆதாயம். அவ்வாதாயத்தையே பொறுப்பின்மைக்குச் சான்றாகக் காட்டுவது பொருந்தாது.

அனுப்புதலும் துரத்துதலும்

ஊர்சேர்க்கும் கடன் நிருவாகத்துக்கு உண்டு என்றால், நீக்கப்பட்ட ஒவ்வொருவனையும் பிடித்துக் கப்பலேற்றும் அதிகாரமும் அதற்கு உண்டு எனப் பொருள்கொள்ளும் இடர் உள்ளது. நடந்தது பெரும்பாலும் அதுவே. சீன மண்ணில் பிரித்தானியக் குடிகளைக் கட்டுப்படுத்த 1904ஆம் ஆண்டின் சீன அரசாணை தூதரக நீதிமன்றத்துக்கு நாடுகடத்தும் அதிகாரம் வழங்கியிருந்தது. நீக்கப்பட்ட காவலன் அமைதியாக இரவுக்காவல் பார்த்தவரை அவன் எவர் பொறுப்பும் அல்லன். கதர் இயக்கத்தின் இதழ் அவன் கையில் தென்பட்ட நாள் முதல் அவனை இந்தியாவுக்கு அனுப்பப் பணமும் கப்பலும் கிடைத்தன. கடனாக இருந்தபோது இல்லாத பொருள், அச்சமாக மாறியபோது வந்தது.

கோமகாட்டா மாரு நிகழ்வை இந்நோக்கில் மீளப் படிக்க வேண்டும். 1914இல் ஹாங்காங், ஷாங்காய், மோஜி, யோகோகாமா ஆகிய துறைமுகங்களில் ஏறிய 376 பயணியருள் முன்னாள் படைவீரரும் கிழக்காசிய நகரங்களில் காவற்பணி செய்தவரும் இருந்தனர். வான்கூவர் அவர்களை ஏற்கவில்லை. இரண்டு மாதம் நங்கூரமிட்டு நின்ற கப்பல் சூலை 23இல் திரும்பியது. எந்த நகரங்களில் உழைத்துப் பிழைத்தனரோ அந்த ஹாங்காங்கும் சிங்கப்பூரும் மீள்வழியில் அவர்களை இறங்கவிடவில்லை. கப்பல் கடலில் இருக்கும்போதே, செப்டம்பர் 5இல், இந்தியாவுக்குள் நுழைவோரைத் தடுத்துவைக்கும் அவசரச்சட்டம் பிறந்தது. செப்டம்பர் 29இல் கல்கத்தாவை அடுத்த பட்ஜ் பட்ஜில் அவர்களுக்காகத் தனித் தொடர்வண்டி ஒன்று காத்திருந்தது. பஞ்சாபுக்குக் கட்டணமில்லாப் பயணம், ஆனால் காவலுடன். பெரும்பாலோர் ஏற மறுத்துக் கல்கத்தா நோக்கி நடந்தனர். தொடர்ந்த துப்பாக்கிச் சூட்டில் அரசுக் கணக்கின்படியே பயணியர் 20 பேர் மாண்டனர். இந்நிகழ்வை விடுதலைப்போரின் ஏடாகவும் கனடாவின் இனவெறிக்குச் சான்றாகவும் பலர் எழுதியுள்ளனர். என் கண்ணில் நிற்பது அந்தத் தொடர்வண்டி. கேட்டபோது வராத ஊர்ப்பயணம், கேளாதபோது துப்பாக்கி முனையில் வந்து நின்றது.

ஆகவே கடனையும் அதிகாரத்தையும் பிரித்தறிவது இன்றியமையாதது. அனுப்பவேண்டிய கடன் நிருவாகத்துடையது. செல்வதா வேண்டாவா என்னும் தேர்வு நீக்கப்பட்டவனுடையது. 1923 விதியின் சிறப்பு, கோரிக்கை தொழிலாளியிடமிருந்து எழவேண்டும் என்பதில் உள்ளது. அவ்விதி நின்ற நாட்டிலேயே 1930க்குப் பிந்தைய பெருமந்தத்தில் இரப்பர் விலை வீழ்ந்தபோது ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியத் தொழிலாளர், பெரும்பாலும் தமிழர், தாயகம் அனுப்பப்பட்டனர். ஆவணம் அதையும் ‘தாயகம் திருப்புதல்’ என்றே குறிக்கின்றது. வேண்டிச் சென்றவனும் வேண்டாமென விரட்டப்பட்டவனும் ஒரே சொல்லுக்குள் அடங்கிவிட்டனர்.

ஊர்சேர்த்தல் எங்கே முடிகிறது என்பதும் எண்ணத்தக்கது. மலாய் வழக்கில் சீக்கியரைப் ‘பெங்காலி’ என அழைத்தனர். அவர்கள் கல்கத்தாவில் கப்பலேறி வந்தமையே காரணம் என்பர். பிறந்த ஊரன்று, ஏறிய துறைமுகமே பெயராயிற்று. அனுப்பும்போதும் அத்துறைமுகத்தோடு கடன் தீர்ந்ததாகவே கணக்கு முடிக்க இடமிருந்தது. கல்கத்தாவிலிருந்து அமிர்தசரசு ஏறத்தாழ 1,800 கிலோமீட்டர். கையில் காசின்றி ஊக்ளிக் கரையில் இறக்கிவிடப்பட்டவன் ஊர்சேர்ந்தவன் ஆகான்.

கைமாறிய கடன்

பொறுப்பு எவ்வாறு நழுவும் என்பதற்கு ஷாங்காய் மிகச் சிறந்த சான்று. அந்நகரப் பன்னாட்டுக் குடியிருப்பு ஒரு குடியேற்ற நாடன்று. அதன் நகராட்சி மன்றம் வரிசெலுத்துவோரால் தேர்ந்தெடுக்கப்பட்ட அமைப்பு. ஊதியம் தந்தது மன்றம், தண்டித்தது பிரித்தானிய நீதிமன்றம், ஆள் தந்தது பஞ்சாப், மண்ணோ சீனருடையது. நால்வருக்கும் உரியவன் எவருக்கும் உரியவனல்லன். 1943 சனவரியில் பிரித்தானியா சீனாவுடன் செய்த உடன்படிக்கையால் அங்கிருந்த சிறப்புரிமைகள் ஒழிந்தன. அவ்வுடன்படிக்கையின்படி குடியிருப்பின் கடமைகளும் பொறுப்புகளும் சீன அரசைச் சார்ந்தன. காவலரை ஒருபோதும் வேண்டாத, அவர்களால் தன் மக்கள் அடிபட்டதை மறவாத ஓர் அரசின் தலையில் அவர்களின் கணக்கு ஏறியது. போருக்குப் பின் முன்னாள் பணியாளரின் ஓய்வூதியக் கோரிக்கைகள் நெடுங்காலம் தீர்வின்றி அலைந்ததில் வியப்பில்லை. மலாய் மாநில வழிகாட்டிகள் படை 1919இல் கலைக்கப்பட்டபோது கணக்கை முடிக்க ஓர் அரசாவது இருந்தது. ஷாங்காயில் அதுவும் இல்லை.

இவையெல்லாம் தமிழியலுக்கு எவ்வகையில் உரியன என்னும் வினாவை நான் தவிர்க்கவில்லை. கெர்னியல் சிங் சந்து மலாயா இந்தியரைப் பற்றிய தம் 1969ஆம் ஆண்டு நூலின் பெரும்பகுதியைத் தமிழ்த் தொழிலாளரின் வரவுக்கும் மீள்வுக்கும் ஒதுக்கினார். அக்கணக்குகளை நாம் இன்றும் எடுத்தாளுகிறோம். சீக்கியக் காவலரைப் பற்றித் தாமசு மெட்காஃப், இசபெல்லா ஜாக்சன், சாவோ யின் முதலியோர் ஆங்கிலத்தில் எழுதியுள்ளனர். தமிழில் அந்நூல்களை முன்வைத்த உரையாடல் நிகழவில்லை. தோட்டத்தில் தமிழன் கண்ட காவலன் இவனே; அவன் அஞ்சிய தடி இவனுடையதே. ‘சிங்கை நேசன்’ (1887–1890), பின்னாளில் ‘தமிழ் நேசன்’, ‘தமிழ் முரசு’ ஆகிய இதழ்களைத் தோட்டச் செய்திகளுக்காகப் புரட்டும் நாம், காவலர் நியமனமும் நீக்கமும் பற்றிய செய்திகளுக்காகவும் புரட்டுதல் வேண்டும். அங்கே நம்மவரான காவலரின் பெயர்களும் எதிர்ப்படக்கூடும்.

கலைச்சொல் ஒன்றையும் முன்மொழிய விழைகிறேன். பணிவிடுப்பு, பணிநீக்கம், படைக்கலைப்பு, நாடுகடத்தல், தாயகம் திருப்புதல் என நாம் ஆளும் சொற்கள் அனைத்தும் நிருவாகம் செய்யும் செயலையே குறிக்கின்றன. எதிர்த்தரப்பின் உரிமையைச் சுட்டும் சொல் இல்லை. கடன் என்னும் நம் பழஞ்சொல் கடமையையும் திருப்பித் தரவேண்டிய பொருளையும் ஒருங்கே உணர்த்துவது. ‘ஊர்சேர் கடன்’ என்று ஆளின், செலுத்தவேண்டியவர் யார், பெறவேண்டியவர் யார் என்னும் இரண்டு வினாக்களும் சொல்லிலேயே எழும். என் ஆய்வேட்டில் இச்சொல்லையே ஆண்டுள்ளேன். நெறியாளர் ‘கடப்பாடு’ போதும் என்கிறார். அதில் இரண்டாம் பொருள் கிட்டாது என்பது என் தயக்கம். மாற்றுச்சொல் உடையோர் தெரிவித்தால் நன்றியுடன் ஏற்பேன்.